கை ஓடுது, பொட்டி ஓடல

1

சென்ற மாதம் எனக்குக் குரல் கட்டிப்போயிற்று. வசந்தம் என்று பெயரளவில் சொல்லிக்கொண்டு மழையும் காற்றும் அடிக்கிற நாட்கள் இங்கே நெதர்லாந்தில். அலுவலகத்தில் பார்த்தவர்களெல்லாம் ஜலதோஷமா என்று கேட்டார்கள். ஆமாம் என்று தலையாட்டிவைத்தேன். உண்மையில் கீரமங்கலத்தில் இருக்கும் என் தங்கை வளர்மதியிடம் தொலைபேசியில் கத்திக் கத்தித்தான் தொண்டை போனது. கத்தியதற்குக் காரணம் ஒரு மடிக்கணினி.

ஊரில் என்னைக் கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஐண்ட்ஹோவன் என்கிற இந்த ஊரில் நான் பார்ப்பது, இயந்திரத் தொழிற்சாலைக்கு வந்து சேரும் உதிரிப் பாகங்களை அளந்து பார்க்கும் வேலை. அளவு சரியென்றால் உள்ளே அனுப்புவேன், தவறென்றால் திருப்பி அனுப்புவேன். என் மேசையிலும் கணினி உண்டு. அது மக்கர் பண்ணினால் மற்றவர்களைப் போல நானும் உதவிப் பிரிவுக்குத்தான் போன் செய்வேன். இதை ஊரில் யாருக்கும் நான் விளக்கியதில்லை. வெளிநாட்டில் இருப்பவனுக்கு எல்லாம் தெரியும் என்று நாலு பேர் நம்பும்போது, மறுத்துச் சொல்ல மனசு வருவதில்லை.

போன விடுமுறைக்கு ஊருக்கு வந்திருந்தபோது, கிளம்புவதற்கு முந்தைய நாள் வளர்மதி கேட்டாள். "அண்ணே, அடுத்த தடவ வாரப்ப எனக்கு சென்ட்டு, சாக்லேட்டெல்லாம் வேணாம். ஒரு லேப்டாப்பு வாங்கிட்டு வாரியா?"

அவள் என்னிடம் வாய்விட்டு ஒன்றைக் கேட்டது அதுதான் முதல் தடவை. கல்யாணத்துக்கு முன்பு தனியார் பள்ளி ஒன்றில் ஆசிரியையாக இருந்தவள். இரண்டு வருடத்துக்கு முன் அவள் மாமியார் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் விழுந்தார். அதிலிருந்து கடைத்தெருவுக்குக்கூட அவளால் நிம்மதியாகப் போய்வர முடிவதில்லை. வீட்டிலிருந்தே பார்க்கிற வேலை ஒன்றுதான் அவளுக்கு வழி.

அடுத்த விடுமுறை வரை நான் காத்திருக்கவில்லை. ஐண்ட்ஹோவன் கடையொன்றில் நல்லதாகவே ஒன்றை வாங்கி, புதுக்கோட்டைக்குப் போகிற நண்பர் ஒருவரிடம் கொடுத்தனுப்பினேன். கொஞ்ச நாளில் அவளுக்கு வேலையும் கிடைத்தது. பள்ளிப் பாடங்களை வீடியோவாக எடுத்து இணையத்தில் போடும் சென்னை நிறுவனம் ஒன்று. ஆசிரியர் பேசுவதைக் கேட்டு எழுத்தாக்கி, அவர் பேசுகிற அந்தக் கணத்தில் அந்த வரி படத்தின் அடியில் வரும்படி பொருத்த வேண்டும். ஒரு மாதம் சோதனைக் காலம். அது நன்றாகப் போனால் வேலை நிரந்தரம்.

முதல் வாரம் எல்லாம் ஒழுங்காக ஓடியது. இரண்டாவது வாரம் அவளிடமிருந்து வாட்ஸப்பில் ஒரு குரல் செய்தி வந்தது. மதியம் கேண்டீனில் ரொட்டியைக் கடித்தபடி கேட்டேன்.

"அண்ணே, நீ வாங்கிக் குடுத்த பொட்டி என்னமோ தெரியல, ரெண்டு நாளா நகரவே மாட்டேங்குது. வாத்தியாரு வாயத் தொறந்தா மூட அஞ்சு நிமிஷம் ஆகுது. ஒனக்கு நேரம் இருக்கப்ப கூப்புடு. அவசரமில்ல."

அவசரமில்லை என்று எங்கள் வீட்டில் யாராவது சொன்னால் தலைபோகிற அவசரம் என்று பொருள்.

2

கணினியின் மூளையாகிய பிராசஸர் எந்த வேகத்தில் ஓடுகிறது என்று பார்க்கிற வசதி எல்லா மடிக்கணினியிலும் உண்டு. அதை எப்படித் திறப்பது என்று எனக்கே அன்றைக்குத்தான் தெரியும். படித்துவிட்டு அவளைக் கூப்பிட்டேன்.

"மூணு சாவிய ஒண்ணா அமுக்கணும். அமுக்கிட்டியா?"

"அமுக்கிட்டேன். வட்டம் சுத்துது."

"வரும். வந்ததும் வேகம்னு ஒரு எடத்துல நம்பர் இருக்கும் பாரு."

"இன்னும் சுத்துதுண்ணே."

வட்டம் சுற்றி முடியக் காத்திருந்தோம். பின்னால் அவள் மாமியார் தண்ணி கேட்கும் குரலும், தெருவில் சரக்கு வண்டி ஒன்று பின்னால் எடுக்கும்போது போடுகிற பாட்டும் கேட்டன.

"வந்துருச்சு. புள்ளி நாலுன்னு போட்டுருக்கு."

"ரெண்டு புள்ளி நாலா?"

"வெறும் புள்ளி நாலு. முன்னாடி சைபர்."

கடைக்காரர் தந்த தாளில் இரண்டரைக்குக் குறையாமல் ஓடும் என்று இருந்தது. ஆறில் ஒரு பங்கு வேகத்தில் அது நொண்டிக்கொண்டிருந்தது. படம் ஒன்றைத் திறந்தாலும் திறக்காவிட்டாலும் அதே புள்ளி நாலு. அங்கேயே உட்கார்ந்துவிட்டது.

"கை ஓடுதுண்ணே, பொட்டி ஓடல" என்றாள் வளர்மதி.

அது வெறும் பேச்சல்ல. அவள் கை ஓடுகிற கைதான். பள்ளி முடித்த கோடையில் எங்கள் இருவரையும் ஆலங்குடியில் ஒரு தட்டச்சுப் பயிலகத்தில் சேர்த்துவிட்டார்கள். தகர ஷெட்டு. பத்துப் பன்னிரண்டு பேர் ஒரே சமயத்தில் தட்டினால் ஓட்டின்மேல் ஆலங்கட்டி விழுவது போலிருக்கும். நான் விசைகளைப் பார்த்துப் பார்த்து அடிப்பேன். அவள் ஜன்னலுக்கு வெளியே யாரோ சண்டை போடுவதைப் பார்த்துக்கொண்டே அடிப்பாள். தேர்வில் அவள் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஹையர் பாஸ். நான் லோயரிலேயே தோற்றுவிட்டேன். அப்படிப்பட்டவள் ஒரு எழுத்தைத் தட்டிவிட்டு அது திரையில் வருவதற்காகக் காத்திருக்கிறாள் என்று நினைத்தபோது எனக்கு எரிச்சல் வந்தது. கணினி மீது வந்த எரிச்சல்தான், ஆனால் அது அடுத்த நாளிலிருந்து அவள் மீது இறங்கத் தொடங்கியது.

என்னென்னவோ செய்தோம். மின்சாரத்தைச் சேமிக்கும் அமைப்பில் இருக்கிறதா என்று பார்த்து மாற்றினோம். வைரஸ் இருக்கிறதா என்று சோதித்தோம், அதற்கே அரைநாள் ஆனது. தேவையற்றதை நீக்கினோம். அணைத்து, ஆற வைத்து, மறுபடி போட்டோம். ஒவ்வொன்றுக்கும் பிறகு, "இப்ப எவ்வளவு?" என்று கேட்பேன். "அதே புள்ளி நாலு" என்பாள், தப்பு அவளுடையது போல.

அதற்குள் சென்னையிலிருந்து மேற்பார்வையாளர் அவளுக்கு ஒரு செய்தி அனுப்பியிருந்தார். அவள் அதை எனக்கு அனுப்பினாள். வேலையின் தரம் நன்றாக இருக்கிறது, ஆனால் வேகம் போதவில்லை, இந்த மாதக் கடைசியில் முடிவு சொல்வோம் என்று மரியாதையான ஆங்கிலத்தில் இருந்தது.

3

உத்தரவாதம் இருக்கிறதே, அதைப் பயன்படுத்துவோம் என்று அடுத்து நினைத்தேன். வாங்கி ஆறு மாதம்கூட ஆகவில்லை.

இந்தியாவில் உள்ள அந்த நிறுவனத்தின் எண்ணைக் கூப்பிட்டால், எண்ணை அமுக்கு, மொழியைத் தேர்ந்தெடு, இசையைக் கேள் என்று சுற்றிவிட்டு ஒரு பெண் வந்தார். பெட்டியின் அடியில் உள்ள நீண்ட எண்ணை வாங்கிக்கொண்டார். "சார், இது ஐரோப்பாவுல வித்த செட். இங்க வாரண்டி காட்டல. வாங்குன நாட்டுல கேளுங்க சார்" என்றார். கேட்டேன். நெதர்லாந்தில் இருந்தவர், பெட்டியை நேரில் கொண்டுவந்து கொடுத்தால் தாராளமாகப் பார்க்கிறோம் என்றார். அது எட்டாயிரம் கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது என்று சொன்னேன். அப்படியானால் அந்த நாட்டு அலுவலகத்தைக் கேளுங்கள் என்றார்.

இந்த இரண்டாவது உரையாடல் டச்சு மொழியில் நடந்தது. இங்கே வந்து இத்தனை வருடமாகியும் என் டச்சு கடைத்தெருவைத் தாண்டவில்லை. அலுவலகத்தில் ஆங்கிலம், வீட்டில் தமிழ். நடுவில் டச்சுக்கு இடமில்லை. உதவிப் பிரிவுப் பெண் பேச்சின் நடுவே, "கொஞ்சம் பொறுமை இருக்கிறதா உங்களுக்கு?" என்று கேட்டார். இணைப்பில் காத்திருக்கச் சொல்வதற்கு இங்கே அப்படித்தான் கேட்பார்கள். பொறுமைக்கு ஹெடுல்ட், கடனுக்கு ஸ்ஹுல்ட். என் காதில் இரண்டாவதுதான் விழுந்தது.

"இல்லை, எனக்குக் கொஞ்சம்கூட இல்லை. எப்போதுமே இருந்ததில்லை" என்று அழுத்தமாகச் சொன்னேன்.

மறுமுனையில் விசைகளைத் தட்டும் சத்தம் கேட்டது. பிறகு, "அப்படியானால் சுருக்கமாகவே முடித்துக்கொள்ளலாம் ஐயா" என்று சொல்லிவிட்டு, மேலே சொன்ன பதிலைச் சொல்லி வைத்துவிட்டார்.

பக்கத்து அறையில் என் மகள் இனியா சிரித்த சத்தம் கேட்டது. பதினைந்து வயது. டச்சு அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. என்ன தப்பு என்று அவள்தான் வந்து விளக்கினாள், ஆங்கிலத்தில். தமிழில் சொல் என்றேன். "கஷ்டம்ப்பா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

இரண்டு நாடுகளுக்கும் நடுவில் ஒரு பெட்டி யாருக்கும் சொந்தமில்லாமல் கிடந்தது. பொருட்களுக்கு மட்டும்தான் இப்படி ஆகிறது என்று சொல்ல மாட்டேன்.

4

வளர்மதியின் கணவர் முருகேசன் பூக்கமிஷன் கடை வைத்திருக்கிறார். விடிகாலையிலேயே மல்லியும் சம்பங்கியும் வந்து இறங்கும் கடை. மதியத்தோடு வேலை முடிந்துவிடும். அவர் பெட்டியை மோட்டார் சைக்கிளில் வைத்துக்கொண்டு புதுக்கோட்டையில் ஒரு கடைக்குப் போனார். திறந்து தூசி தட்டி, காற்றாடியைத் துடைத்து, ஏதோ பசை தடவிக் கொடுத்தார்கள். அங்கே நன்றாகத்தான் ஓடியதாம். வீட்டுக்குக் கொண்டுவந்து போட்டால் மறுபடி புள்ளி நாலு.

"நம்ம வீட்டு வாசப்படி தாண்டுனா அதுக்கு என்னமோ ஆயிருது மச்சான்" என்றார் முருகேசன். அவருக்குச் சிரிப்பு. எனக்கு இல்லை.

இனி ஒரே வழி, எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து மென்பொருளை ஏற்றுவது என்று முடிவு செய்தேன். இணையத்தில் பாதிப் பேர் அதைத்தான் சொன்னார்கள். வளர்மதி தயங்கினாள்.

"பாதி முடிச்ச பாடமெல்லாம் உள்ள இருக்குண்ணே."

"எடுத்து வைக்கலாம். முதல்ல நான் சொல்றதச் செய்."

"இன்னொண்ணு சொல்லணும். நேத்து எங்களுக்கு மாசாந்தர ஷட்டவுனு. காலையில இருந்து கரன்ட் இல்ல. அப்ப இந்தப் பொட்டி நல்லா ஓடுச்சு. கரன்ட் வந்ததும் பழையபடி படுத்துக்கிச்சு."

"கரன்ட் இல்லாம எப்படி வேகமா ஓடும்? வெயில் இல்லாம இருந்துருக்கும், சூடு கம்மியா இருந்துருக்கும்."

"இல்லண்ணே, நான் பாத்தேன்…"

"நீ பாத்தது இருக்கட்டும் வளர். நான் சொல்றத மொதல்ல செய்யிறியா?"

என் குரல் அப்போதே உயர்ந்துவிட்டது. மழை பெய்துகொண்டிருந்த ஒரு சனிக்கிழமை காலை. என் மேசையில் காபி ஆறிப்போயிருந்தது. நான் சொல்லச் சொல்ல அவள் செய்தாள். ஒவ்வொரு சொடுக்குக்கும் திரை ஐந்து நிமிடம் யோசித்தது. இடையில் மாமியாரைத் திருப்பிப் படுக்கவைக்க எழுந்து போனாள். திரும்பி வந்து எதை அமுக்கினாளோ, வேறொரு பக்கம் வந்துவிட்டது.

"எதை அமுக்குன?"

"தெரியலண்ணே. நீ சொன்னதத்தான்…"

"நான் அதச் சொல்லல. சொல்றதுக்கு முன்னாடி ஏன் கை வைக்கிற? காது கேக்குதா இல்லையா ஒனக்கு? இந்த வயசுல ஒரு பட்டன் பாத்து அமுக்கத் தெரியாதா? ஒனக்கெல்லாம் எதுக்கு லேப்டாப்பு?"

கடைசி வாக்கியம் வெளியே வந்ததும் நானே கேட்டேன். மறுமுனையில் மின்விசிறி ஓடும் சத்தம் மட்டும்.

"சரிண்ணே. மாமாவுக்குச் சாப்பாடு எடுத்து வைக்கணும். அப்புறம் பேசுறேன்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். மாமா என்று அவள் சொன்னது முருகேசனை.

கதவருகே இனியா நின்றிருந்தாள். "யாரைத் திட்டினீங்க? ஆபீஸ்ல யாராவதா?"

"அத்தையை."

"எந்த அத்தை?"

"எந்த அத்தையா? எனக்கு ஒரே தங்கச்சி."

"ஓ, ஃப்ளவர் அத்தையா? அவங்க பேரு என்னப்பா?"

நான் பதில் சொல்வதற்குள் அவள் காதில் கருவியை மாட்டிக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாள். பிறந்த நாளுக்கும் பொங்கலுக்கும் காணொலியில் தலைகாட்டி, "ஹாய் அத்தை" என்று சொல்லிவிட்டு ஓடிப்போகிற பெண்ணுக்கு அத்தையின் பெயர் எதற்கு? அவளைக் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது? அவள் கேட்டு வளர்ந்த அத்தை, போனுக்குள் இருக்கும் ஒரு பூக்கடை. அன்றைக்கு அந்த அத்தை, அப்பா கத்துகிற ஒருத்தியாகவும் ஆகிவிட்டாள்.

மாலையில் என் மனைவி சுதா, "வளரிடம் பேசினீங்களா?" என்று கேட்டாள். நாளைக்குப் பேசுகிறேன் என்றேன். ஞாயிறு பேசவில்லை. திங்களும் பேசவில்லை. அவளும் கூப்பிடவில்லை.

5

அந்த வாரம் எனக்கு வேறொரு விஷயத்திலும் மூக்குடைந்தது. இந்த நாட்டுக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்க டச்சு மொழித் தேர்வுகள் எழுத வேண்டும். படிப்பதில், எழுதுவதில், கேட்பதில் எப்படியோ தேறிவிட்டேன். பேசுவதில் மறுபடி தோற்றுவிட்டதாக மின்னஞ்சல் வந்தது. அந்தத் தேர்வில் எதிரே ஆள் கிடையாது. ஒரு கணினித் திரை முன்னால் உட்கார்ந்து, அது கேட்கும் கேள்விக்கு ஒலிவாங்கியில் பதில் சொல்ல வேண்டும். கேள்வி வந்ததும் நான் என்ன சொல்வதென்று தமிழில் யோசித்து, ஆங்கிலத்தில் தேடி, டச்சுக்கு வந்து சேர்வதற்குள் நேரம் முடிந்துவிடும். சுதா எப்போதோ தேறிவிட்டாள், இனியாவின் வயதுக்குத் தேர்வே தேவையில்லை. வீட்டில் நான் ஒருவன்தான் பாக்கி. மின்னஞ்சலை மூடிவிட்டு யாரிடமும் சொல்லாமல் இருந்தேன்.

செவ்வாய்க்கிழமை மதியம், கேண்டீனில், பழக்க தோஷத்தில் கணினிப் பழுதுகளைப் பற்றிப் பேசும் இணைய மன்றம் ஒன்றைத் திறந்தேன். எங்கோ யாருக்கோ இதே போல வேகம் அடியில் போய் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கீழே யாரோ ஒருவர் ஒற்றை வரியில் பதில் போட்டிருந்தார். சார்ஜரைப் பிடுங்கிவிட்டு ஓட்டிப் பாருங்கள்.

ரொட்டியைக் கீழே வைத்தேன்.

அதற்குக் கீழே விளக்கம் இருந்தது. சில மடிக்கணினிகள், செருகியிருப்பது தன்னுடைய சார்ஜர்தானா என்று கேட்டுப் பார்க்கும். அதற்கென்றே சார்ஜர் முனையின் நடுவில் ஊசி போல ஒரு கம்பி இருக்கிறது. அது வளைந்தாலோ ஒடிந்தாலோ பதில் வராது. எவ்வளவு மின்சாரம் வருகிறதோ தெரியவில்லையே என்று பயந்து, பெட்டி தன் வேகத்தைத் தானே அடிமட்டத்துக்குக் குறைத்துக்கொள்ளும். பிடுங்கிவிட்டால் பயம் இல்லை. பேட்டரி அதனுடையதுதானே.

கரன்ட் போனால் நன்றாக ஓடுகிறது என்று அவள் சொன்னாள். புதுக்கோட்டைக் கடையில் நன்றாக ஓடியதென்று முருகேசன் சொன்னார். கடையில் அவர்களுடைய சார்ஜரைப் போட்டிருப்பார்கள். இரண்டையும் என் காதில்தான் சொன்னார்கள்.

உடனே கூப்பிட்டேன். குரல் ஏற்கெனவே கட்டியிருந்தது. சந்தோஷத்தில் அது இன்னும் கிறீச்சிட்டது.

"வளர், கண்டுபிடிச்சிட்டேன்! சார்ஜரப் புடுங்கு. புடுங்கிட்டு எவ்வளவுன்னு பாரு!"

"புடுங்கித்தான் இருக்குண்ணே."

"என்ன?"

"எதையும் அழிக்கல, புடுங்கிட்டுத்தான் வேலை பாக்குறேன். ஷட்டவுனு அன்னைக்கே பாத்தேனே. பேட்டரியில போட்டா ஓடுது. காலையில அத்தைக்குக் கஞ்சி குடுத்துட்டு ரெண்டு மணி நேரம் அடிப்பேன். பேட்டரி எறங்குனதும் சார்ஜுல போட்டுட்டு சமையலப் பாப்பேன். அப்புறம் மறுபடி புடுங்கிட்டு அடிப்பேன். பாக்கி இருந்ததெல்லாம் நேத்தே முடிச்சு அனுப்பிட்டேன்."

"ஏன் எங்கிட்டச் சொல்லல?" என்றேன்.

"சொன்னேண்ணே. நீ கேக்கல."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. நான் கேட்ட விலாசத்தைச் சொல்வது போலச் சொன்னாள். கேண்டீனில் சுற்றிலும் ஆட்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நான் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன்.

"அன்னைக்கு நான் பேசுனது தப்பு வளர். ஒனக்கெதுக்கு லேப்டாப்புன்னு கேட்டது."

"ம்."

"தப்புத்தான்."

"இவரு பக்கத்துலதான் இருந்தாரு. அதான் எனக்குச் சங்கடமாப் போச்சு. மத்தபடி ஒண்ணுமில்ல" என்றாள்.

மத்தபடி ஒன்றுமில்லை என்பதற்கு எங்கள் வீட்டில் என்ன பொருள் என்று எனக்குத் தெரியும்.

பிறகு சார்ஜரின் முனையைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். நடுவில் இருக்க வேண்டிய ஊசி ஒரு பக்கமாகச் சாய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது. முருகேசன் போனை வாங்கினார்.

"மச்சான், அது நான்தான். ஒரு நாளு வயரு கால்ல தட்டி, செருகியிருந்தது படக்குன்னு கழண்டு விழுந்துருச்சு. ஊசி வளைஞ்சிருந்தது. ஊக்க வச்சு நிமுத்தலாம்னு பாத்தேன், இன்னும் வளைஞ்சு போச்சு. லைட்டு எரிஞ்சுச்சு, சார்ஜும் ஏறுச்சு, சரி ஒண்ணுமில்லன்னு விட்டுட்டேன். இது இம்புட்டு வேலை பண்ணும்னு யாரு கண்டா?"

"மொதல்லயே சொல்லியிருக்கலாமே மாப்ள."

"நீங்க கத்துன கத்துல யாரு மச்சான் வாயத் தொறப்பா?"

6

அந்த நிறுவனத்தின் சார்ஜரை இங்கிருந்து வாங்கி அனுப்புகிறேன் என்று சொன்னேன். வேண்டாம் என்றாள். முருகேசன் அடுத்த நாளே புதுக்கோட்டைக்குப் போய், அளவு பார்த்து, சரியானதாக ஒன்று வாங்கி வந்துவிட்டார். போட்டதும் வேகம் இரண்டரையைத் தாண்டி மூன்றுக்கு மேல் போனது என்று திரையைப் படம் எடுத்து அனுப்பினாள். படத்துக்குக் கீழே ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. நான் கைதட்டும் பொம்மைகள் நாலைந்து அனுப்பினேன்.

மாதக் கடைசி வந்தது. முடிவு என்ன ஆயிற்று என்று கேட்கலாமா என்று யோசித்தேன். கேட்டால், கிடைக்காமல் போயிருந்தால், அவள் என்னிடம் அதைச் சொல்ல வேண்டியிருக்குமே என்று விட்டுவிட்டேன். இரண்டு நாள் கழித்து அவள் வாட்ஸப் நிலைத்தகவலில் ஒரு படம் பார்த்தேன். விராலிமலைக் கோயில் படிக்கட்டில் அவளும் முருகேசனும். அவள் நெற்றியில் விபூதி. 'வேலை நிரந்தரம் ஆகிவிட்டது. முருகனுக்கு நன்றி' என்று எழுதியிருந்தாள். பக்கத்து வீட்டுக்காரர்கள், பழைய பள்ளிக்கூடத்து டீச்சர்கள், பூக்கடைக்கு வருகிறவர்கள் எல்லோரும் பார்த்தது போல நானும் பார்த்தேன். எனக்கென்று தனியாக ஒரு செய்தி வரவில்லை.

சுதாவிடம் காட்டினேன். "நல்ல விஷயம்தானே, ஏன் மூஞ்சி இப்படி இருக்கு?" என்றாள். இனியாவிடம் காட்டினேன். "வளர்மதி அத்தையா?" என்றாள். அம்மாவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டாளாம். படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நானே கூப்பிட்டேன். ஒரு பழுதும் இல்லாமல், எந்த எண்ணையும் படிக்கச் சொல்லாமல், வெறுமனே அவளைக் கூப்பிட்டுப் பல வருடமாகிறது என்பது மணி அடிக்கும்போதுதான் தோன்றியது.

"சொல்லுண்ணே. பொட்டி நல்லா இருக்கு" என்றுதான் எடுத்தாள்.

"அதக் கேக்கக் கூப்புடல. வேலை கெடச்சதுக்குச் சந்தோஷம்."

"ம். ஒனக்குச் சொல்லணும்னுதான் இருந்தேன். நீ வேலையில இருப்பியேன்னு…" என்று இழுத்தாள். இருவருக்குமே அது உண்மையில்லை என்று தெரியும். மாமியார் எப்படி இருக்கிறார் என்றேன். அப்படியே இருக்கிறார் என்றாள். மழை உண்டா என்றேன். இல்லை என்றாள். வைத்துவிடப் போகிறேன் என்று நினைத்த நேரத்தில் அவள் கேட்டாள்.

"ஒன் கொரலு ஏன் இன்னும் இப்படி இருக்கு? அங்கிட்டு ஒனக்கு என்னமும் பிரச்சனையா?"

இல்லை என்றுதான் வாயில் வந்தது. அதை விழுங்கிவிட்டு, "பரீட்சையில ஃபெயிலாயிட்டேன் வளர்" என்றேன்.

"பரீட்சையா? இந்த வயசுலயா? எதுல?"

"பேசுறதுல. இந்த ஊரு பாஷையில."

அவள் சிரித்தாள். அடக்கப் பார்த்து, முடியாமல், வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்குக் கோபம் வரவில்லை. நானும் சிரித்தேன். தொண்டை வலித்தது. சுதாவிடம் இன்னும் சொல்லவில்லை என்றதும் சிரிப்பை நிறுத்திக்கொண்டாள்.

"என்ன கேட்டாங்க?"

"வீட்டுல வெந்நீர் வரல. வீட்டு ஓனருக்குப் போன் போட்டுச் சொல்ற மாதிரிப் பேசணும்."

"எங்க, எங்கிட்டச் சொல்லு. நான்தான் வீட்டு ஓனரு."

"ஒனக்கென்னடி புரியும்?"

"புரியாட்டி என்ன? நீ சொல்லு. நான் கேக்குறேன்."

எழுந்து அறைக்கதவைச் சாத்தினேன். பிறகு டச்சில் ஆரம்பித்தேன். வணக்கம் ஐயா, நான் மேல்மாடியில் குடியிருப்பவன், நேற்றிலிருந்து எங்கள் குளியலறையில் வெந்நீர் வரவில்லை, வீட்டில் குழந்தை இருக்கிறது, தயவுசெய்து இன்றைக்கே யாரையாவது அனுப்ப முடியுமா? இரண்டு இடத்தில் திக்கினேன். ஒரு சொல் கிடைக்காமல் நின்று, தேடி, மறுபடி தொடர்ந்தேன். மறுமுனையில் மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. நான் முடிக்கும்வரை அவள் காத்திருந்தாள்.

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது. எப்படி இருந்துச்சு?"

"பாஷை எனக்குத் தெரியாது. ஆனா வீட்டு ஓனர அடிக்கப் போற மாதிரி இருந்துச்சு" என்றாள் வளர்மதி. "இன்னொரு தடவ சொல்லு. இப்பக் கத்தாமச் சொல்லு."